கண் கூசும் ஓவியம் வரைவது எப்படி?

இந்தக் கையேடு ஞாயிற்றுக்கிழமை ஓவியர்களுக்கானது. வாரம் பூராவும் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிறு காலை டிபன் முடிந்த கையோடு பால்கனியில் ஈசலை நிறுத்தி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு கிராமத்துக் காட்சியை முடித்துவிடத் துடிக்கிறவர்களுக்கு. இவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு மனக்குறை உண்டு. படம் எவ்வளவு பளீரென்று வந்தாலும், இன்னும் கொஞ்சம் பளீரென்று வந்திருக்கலாமே என்று தோன்றிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வருகிற பெரியப்பாவும் சும்மா இருக்க மாட்டார். "நல்லாத்தான் இருக்குப்பா, கலர்தான் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். பெரியப்பாவின் வாயை அடைப்பதற்கான வழிகள் கீழே. வரி பிசகாமல் கடைப்பிடித்தால், அடுத்த முறை அவர் வாசற்படியிலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

முதல் வேலை பெட்டி வாங்குவது. 24 ட்யூப் உள்ள பெட்டி உத்தமம். 36 கிடைத்தால் விடாதீர்கள். ட்யூபின் முதுகில் பொடி எழுத்தில் பி.பி. 29, பி.ஜி. 7 என்று ஏதோ அச்சடித்திருப்பார்கள். உள்ளே என்ன நிறமி இருக்கிறது என்பதற்கான சர்வதேசக் குறியீடு அது. பி.பி. 29 என்றால் அல்ட்ராமரைன், பி.ஜி. 7 என்றால் தாலோ கிரீன். அதைப் படிக்கவே கூடாது. படித்தால், ஆசை ஆசையாக வாங்கிய சாப் கிரீனுக்குள் இரண்டு மூன்று நிறமிகள் ஏற்கெனவே கலந்து கிடப்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு நிறமியும் தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் திருப்பித் தரும். இரண்டு கலவை ட்யூப்களைச் சேர்த்தால் தட்டில் நாலைந்து பேர் விழுங்க உட்கார்ந்துவிடுவார்கள். மிச்சம் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர், ஒற்றை நிறமி உள்ள ட்யூபாகப் பொறுக்கி ஆறோ ஏழோ வாங்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு இந்தக் கையேடு பயன்படாது.

படிப்பு விஷயத்திலும் ஜாக்கிரதை தேவை. பாஸ்டனில் ஆல்பர்ட் மன்செல் என்று ஓர் ஓவிய ஆசிரியர் இருந்தார். 1905இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டு, ஒரு நிறத்தைச் சரியாகச் சொல்ல மூன்று விஷயம் வேண்டும் என்று பிரித்துக் காட்டினார். சிவப்பா, நீலமா என்பது ஒன்று. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது இரண்டாவது. சாம்பலிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் ஓவியர்கள் செறிவு, சாச்சுரேஷன், குரோமா என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். கறாராகப் பார்த்தால் இவற்றுக்குள் வித்தியாசம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு அது வேண்டாம். எல்லா நிறத்தையும் ஒரு பந்துக்குள் ஒழுங்காக அடுக்கிவிடலாம் என்றுதான் மன்செல் தொடங்கினார். நிறங்கள் ஒத்துழைக்கவில்லை. மஞ்சள் வெளிச்சமாக இருக்கும்போதுதான் முழு வீரியத்தோடு நிற்கிறது. நீலமும் ஊதாவும் இருண்டு கிடக்கும்போதுதான் உச்சத்துக்குப் போகின்றன. பந்து கோணல்மாணலாகி, கிளைகள் ஏறுமாறாக நீட்டிக்கொண்டிருக்கும் மரமாகிவிட்டது.

இதையெல்லாம் நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள். வெளிச்சமும் செறிவும் ஒன்றுதான் என்று உறுதியாக நம்புங்கள். இந்த ஒரு நம்பிக்கை போதும், பாதிக் கிணறு தாண்டிவிடலாம். நிறம் பளிச்சென்று வேண்டுமா, வெள்ளையைப் பிதுக்குங்கள். சிவப்பில் வெள்ளை விழுந்தால் ரோஸ் வரும். போதவில்லை என்று இன்னும் வெள்ளை. கடைசியில் பல்பொடி நிறத்தில் வந்து நிற்கும். வெள்ளை சேரச் சேர நிறம் வெளிச்சமாகுமே தவிர வீரியம் இறங்கும் என்று வகுப்பு மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். அவருக்கு அது வழக்கம். ஆனால் அவரிடம் ஒரு விஷயத்தைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். அல்ட்ராமரைனையோ தாலோ புளூவையோ ட்யூபிலிருந்து அப்படியே கனமாகப் பூசினால் கிட்டத்தட்டக் கருப்பாகத்தான் தெரியும். அரிசி மணி அளவு வெள்ளை சேர்த்த பிறகுதான் உள்ளே ஒளிந்திருந்த நீலம் எழுந்து வரும். அந்த மணிக்கு மேல் போனால் மறுபடி இறங்குமுகம். இந்தத் தகவல் உபயோகமானது என்பதால் கையேட்டில் இடம்பெற்றிருக்கக் கூடாது. வாய் தவறி வந்துவிட்டது.

அடுத்தது பச்சை. வயல் இல்லாத ஞாயிற்றுக்கிழமைப் படத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. வயல், வரப்பு, இரண்டு தென்னை, ஒரு குடிசை, பின்னால் முக்கோணமாக மலை, அதன் நடுவே பாதிச் சூரியன். வயலை விரிடியனால் நிரப்புங்கள். மரத்தையும் விரிடியனாலேயே நிரப்புங்கள். விரிடியன் 1859இல் கின்யே என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கிய நிறமி. குளிர்ச்சியான, நீலத்தின் பக்கம் சாய்ந்த, ஒளி ஊடுருவும் பச்சை. எந்த வேப்பமரமும் எந்தக் காலத்திலும் அந்த நிறத்தில் நின்றதில்லை. அதனாலென்ன, ட்யூபில் பச்சை என்று இருக்கிறது, மரமும் பச்சை, கணக்கு சரியாகிவிட்டது.

இந்தக் கட்டத்தில் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. கீழே இறங்கிப் போய் வேப்பிலை ஒன்றைப் பறித்து வந்து, தட்டில் பிதுக்கிய விரிடியனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வைத்தால் இலை காக்கி கலந்தாற்போல, தூசி படிந்தாற்போல, மஞ்சளின் பக்கம் சரிந்து தெரியும். இலையில்தான் கோளாறு என்று நினைத்து இன்னொன்று பறிப்பீர்கள். அதுவும் அப்படியே இருக்கும்.

இதைவிட ஆபத்தானது ஓட்டை அட்டை. சாம்பல் நிற அட்டை ஒன்றில் பஞ்சிங் மெஷினால் ஓர் ஓட்டை போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாக வயலைப் பார்ப்பார்கள் சிலர். ஓட்டைக்குள் வயல் என்ற பெயர் வராது, நிறம் மட்டும்தான் வரும். மத்தியான வெயிலில் பச்சைப்பசேல் என்று நாம் சத்தியம் பண்ணும் வயல், வெளிறிய மஞ்சள் சாம்பலாக அந்த ஓட்டையில் வந்து நிற்கும். தென்னங்கீற்றின் மேல்புறம் வானத்தை வாங்கிக்கொண்டு கிட்டத்தட்ட வெள்ளையாக மினுங்கும். செம்மண் பாதை நினைத்த சிவப்பில் பாதிகூட இல்லாமல் பிஸ்கட் நிறத்தில் கிடக்கும். ஞாபகத்தில் இருக்கும் நிறம் நேரில் இருப்பதைவிட எப்போதும் ஒரு படி தூக்கலாகவே இருக்கும். நம்முடைய கலைக்கு ஞாபகம்தான் மூலதனம். எனவே அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வயலைப் பார்க்காமலே வயல் வரையுங்கள்.

நாற்றங்காலைக் காட்டி யாராவது உங்களை மடக்கப் பார்க்கலாம். நடவுக்கு முன்னால் வயலின் ஒரு மூலையில் நாற்று நிற்கும் பாருங்கள், அது நிஜமாகவே கத்துகிற பச்சைதான். பஸ்ஸில் தூங்கி வழிகிறவன்கூடக் கண்ணைத் திறந்து பார்ப்பான். ஆனால் அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை. உழுது போட்ட சேறு, அதில் தேங்கிய மங்கலான தண்ணீர், வரப்பில் காய்ந்த புல். அந்த மங்கலெல்லாம் சேர்ந்துதான் நாற்றைத் தூக்கிக் காட்டுகின்றன. நடவு முடிந்து ஊர் பூராவும் பச்சையான பிறகு அதே பச்சையை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாற்றங்கால் வரைய வேண்டுமென்றால் முதலில் சேற்றைக் கலக்கக் கற்றுக்கொள் என்பார் மாஸ்டர். நீங்கள் சேற்றுக்கும் பச்சையே அடித்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொதுவான எச்சரிக்கை. ஒரு நிறம் பளீரென்று தெரிவது அதனால் மட்டுமல்ல, அதன் அக்கம்பக்கத்தாலும்தான் என்ற விஷமக் கருத்து இருநூறு வருஷமாக ஓவியர்களைக் கெடுத்து வருகிறது. இதைப் பரப்பியவர்களின் சகவாசத்தை அடியோடு தவிர்க்க வேண்டும். அடையாளம் தெரிந்தால்தானே தவிர்க்க முடியும், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முக்கியக் குற்றவாளி ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். பாரிஸில் கோபலான் என்று சித்திரத் திரைச்சீலை நெய்யும் அரசு நெசவுக்கூடம். அதன் சாயப் பிரிவுக்கு 1824இல் தலைவராகப் போனார். போனதும் புகார் வந்தது: நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் கொடுக்கிற கருப்பு நூல் கருப்பாகவே இல்லை, சாயம் சொத்தை. மனிதர் வேறு இடங்களில் சாயம் போட்ட கருப்பு நூலையும் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கருப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தன. அதோடு விட்டாரா? 1839இல் இதைப் பற்றித் தடிமனாக ஒரு புத்தகம் எழுதி, அதற்கப்புறமும் அரை நூற்றாண்டு, 102 வயது வரை, தெம்பாக இருந்தார். பாரிஸ் ஓவியர்கள் பலர் கெட்டது அவரால்தான்.

நம்மூர்த் தறிக்காரர்கள் இதற்கு வேதியியலாளர் வரும்வரை காத்திருக்கவில்லை. காஞ்சிபுரத்தில் மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரையைக் கோர்வை போட்டு இணைக்கிறவருக்கு, எது எதைத் தூக்கும், எது எதை அமுக்கும் என்று கைக்கே தெரியும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று ஓட்டி மயில்கழுத்து வரவழைக்கிறவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பெரியப்பா இதே விஷயத்தைப் படத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகும்போது மட்டும், "இந்தக் கரை உடம்பைத் தின்னுடுதே, வேற எடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்வார்.

அடுத்தவர் டர்னர். 1832இல் லண்டன் ராயல் அகாடமியின் கண்காட்சி. திறப்பதற்கு முன்னால் ஓவியர்கள் அங்கேயே வந்து, மாட்டிய படங்களுக்குக் கடைசி மெருகு போடச் சில நாள் அனுமதி உண்டு. கான்ஸ்டபிள் பல வருஷம் போராடி வரைந்த வாட்டர்லூ பாலத் திறப்பு விழாப் படம் ஒரு பக்கம். அதில் படகுகளின் கொடிகளுக்கும் தோரணங்களுக்கும் வெர்மிலியனும் லேக்குமாகச் சிவப்பை ஏற்றிக்கொண்டே இருந்தார் அவர். பக்கத்தில் டர்னரின் கடல் படம், முழுக்கச் சாம்பல். டர்னர் வந்தார். கான்ஸ்டபிளின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தன் தட்டை எடுத்து வந்து, சாம்பல் கடலின் நடுவே ஷில்லிங் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செந்தூரச் சிவப்பில் ஒரு பொட்டு வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அவ்வளவுதான், கான்ஸ்டபிளின் அத்தனை சிவப்பும் சோகை பிடித்துவிட்டது. டர்னர் வந்து துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போனாற்போல இருக்கிறதே என்று அவர் நொந்துகொண்டாராம். கடைசி நேரத்தில் டர்னர் திரும்பி வந்து அந்தப் பொட்டைக் கடலில் மிதக்கும் மிதவையாகத் திருத்தி வைத்தார். அப்போது அந்தக் கூடத்தில் இருந்த லெஸ்லி என்ற ஓவியர் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

நீங்கள் கான்ஸ்டபிள் கட்சியில் சேருங்கள். இன்னும் பத்துக் கொடி வரைந்து இன்னும் சிவப்பு ஏற்றுங்கள். சாம்பல் கடலெல்லாம் பொறுமைசாலிகளுக்கு.

மூன்றாவது ஆள் மோனே. 1872இல் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் சூரியன் உதிப்பதை வரைந்தார். இரண்டு வருஷம் கழித்து அதைக் காட்சிக்கு வைத்தபோது ஒரு புதிய கூட்டத்துக்கே பெயர் கொடுத்த படம். பாரிஸில் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீலச் சாம்பல் மூட்டத்தில் ஆரஞ்சு வட்டமாகச் சூரியன் தகதகக்கும். அந்தப் படத்தை போனில் எடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சூரியன் ஏறத்தாழக் காணாமல் போய்விடும். ஏனென்றால் அந்தச் சூரியன் சுற்றியுள்ள மேகத்தைவிட வெளிச்சமானது இல்லை. வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று. வித்தியாசம் செறிவில் மட்டும்தான். அதை வைத்தே நம்மைக் கண்ணைச் சுருக்க வைக்கிறார். வெளிச்சமும் செறிவும் ஒன்றுதான் என்று மேலே நாம் எடுத்த சத்தியத்துக்கு இதைவிடப் பெரிய துரோகம் இருக்க முடியாது. இந்தப் பரிசோதனையை உங்கள் படத்தில் செய்து பார்க்கவே பார்க்காதீர்கள். படம் முழுக்க ஒரே சாம்பலாக, வயலும் மலையும் குடிசையும் எது எதென்று தெரியாமல் வந்தால் அன்றைய மத்தியானச் சாப்பாடு இறங்காது.

ஸ்வீடனில் ஆண்டர்ஸ் ஸோர்ன் என்று ஒருவர் இருந்தார். அவர் பெயரில் இன்றும் வழங்கும் தட்டில் நாலே நிறம்: வெள்ளை, யெல்லோ ஆக்கர், வெர்மிலியன், ஐவரி பிளாக். நீலம் கிடையாது, பச்சை கிடையாது. ஐவரி பிளாக்கில் வெள்ளை கலந்து வரும் சாம்பலை ஆக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் அது நீலமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். நாலு ட்யூபில் முகமும் கையும் தோள்பட்டையும் ரத்தம் ஓடுகிறாற்போல வந்துவிடும். 36 ட்யூப் பெட்டி வாங்கியவர்கள் இவர் பெயரை வீட்டில் எடுக்க வேண்டாம், விலை கேட்பார்கள்.

நம் பக்கத்திலும் இந்த வியாதி உண்டு. 2021இல் காலமான ஓவியர் இளையராஜாவின் கிராமத்துப் பெண்கள் படங்களைப் பத்திரிகையிலாவது பார்த்திருப்பீர்கள். பழைய வீட்டின் உள் இருட்டு, காரை உதிர்ந்த சுவர், ஜன்னல் வழியாக வெளிச்சம், அதில் ஒரு பாவாடையின் நிறம். சுவரையும் இருட்டையும் அவர் கலந்திருக்கும் நிதானத்தைப் பார்த்தால் நம் கையேட்டின் மேல் நம்பிக்கை போய்விடும். எனவே பாவாடையை மட்டும் பாருங்கள்.

"அப்படியானால் தஞ்சாவூர் ஓவியம்?" என்று ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி, கொஞ்சம் இடைஞ்சலான கேள்வி. அரக்குச் சிவப்பும் பச்சையும் நீலமும் முழு வீரியத்தில் நிற்கின்றன, கண்ணும் கூசவில்லை. காரணம், அங்கே நிறங்கள் குறைவு. ஒவ்வொன்றும் பெரிய தட்டைப் பரப்பாக, அடக்கமாக நிற்கும். இடையிடையே தங்க ரேக்கும் கோடுகளும் அணை கட்டியிருப்பதால் ஒரு சிவப்பு இன்னொரு பச்சையோடு நேருக்கு நேர் மோதாது. முழுச் செறிவில் வரைவது ஒரு குற்றமில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாத்தீஸும் அவர் நண்பர்களும் 1905இல் பாரிஸில் அப்படி வரைந்துதான் காட்டுமிருகங்கள் என்ற பட்டத்தை வாங்கினார்கள். ஆனால் அதற்கெல்லாம் முதலிலேயே திட்டம் வேண்டும். எந்த நிறம் எங்கே நிற்கும், எதற்குப் பக்கத்தில் நிற்கும், எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பென்சிலோடு உட்கார வேண்டும். மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டிய நமக்கு அது ஆகாது. அதே தஞ்சாவூரில் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டுச் சந்தில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில், சோழர் காலச் சுவரோவியங்கள் இருப்பது 1931இல் தெரியவந்தது. சுண்ணாம்புக்குத் தாங்கும் நிறமிகள்தான் சுவரில் நிலைக்கும், அதனால் காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி என்றே பெரும்பாலும் போயிருக்கிறார்கள். ட்யூப் கிடைக்காத காலம், பாவம்.

இனி நிழல். நிழல் என்றால் கருப்பு. யோசிக்கவே வேண்டாம். சிவப்புப் புடவையின் மடிப்பில் கருப்பு, முகத்தின் ஓரத்தில் கருப்பு, மஞ்சள் சுவரின் இருண்ட பக்கத்தில் கருப்பு. மஞ்சளில் கருப்பு விழுந்தால் பாசி பிடித்த பச்சையாக மாறும் என்று தெரியாமல் பலர் திகைத்துப் போகிறார்கள். திகைக்க வேண்டாம். மழைக்காலம் என்று சொல்லிக்கொள்ளலாம். மஞ்சளை இருட்டாக்க பர்ன்ட் சியன்னாவோ அம்பரோ கொஞ்சம் சேர்த்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருண்டு போகும். வெயில் சுள்ளென்று அடிக்கும் இடத்தில் நிழலுக்குள் வானத்தின் நீலம் கொஞ்சம் ஏறியிருக்கும், வெயில் பட்ட பக்கம்தான் வெளுத்திருக்கும். இவை எல்லாம் பார்த்துத் தெரிந்துகொள்கிற சமாசாரங்கள். நாம் பார்க்காமல் வரைகிற கோஷ்டி.

ஊதா கலப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்ப்போம், ஏனென்றால் கலைஞனின் பொறுமை உடையும் இடம் அதுதான். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தட்டில் ஸ்கார்லெட்டையும் தாலோ புளூவையும் சம அளவு பிதுக்குங்கள். கத்தியால் மடித்து மடித்துக் கலக்குங்கள். முதல் மடிப்பில் கோடு கோடாக அழகாக இருக்கும். இரண்டு மூன்று மடிப்பில் சிவப்பு தோற்றுப்போய்விடும். தாலோவுக்குச் சாயம் ஏற்றும் பலம் அவ்வளவு. இன்னும் கொஞ்சம் ஸ்கார்லெட் போடுவீர்கள். நாவல்பழம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போது, நாலு நாள் ஃப்ரிட்ஜில் கிடந்த கத்தரிக்காய்த் தோல் வந்து நிற்கும். காரணம் எளிது. ஸ்கார்லெட் மஞ்சளின் பக்கம் சாய்ந்த சிவப்பு, தாலோ பச்சையின் பக்கம் சாய்ந்த நீலம். மஞ்சளும் பச்சையும் ஊதாவுக்கு ஜென்ம விரோதிகள். இரண்டு பக்கத்திலிருந்தும் விரோதிகளை அழைத்து நடுவில் உட்கார வைத்துவிட்டு ஊதாவை எதிர்பார்த்தால் எப்படி? மெஜந்தாவையும் அல்ட்ராமரைனையும் சேர்த்திருந்தால் இரண்டே மடிப்பில் சுத்தமான ஊதா. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வீட்டிலேயே சாம்பல் கிடைக்கும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால், ஒன்றை ஒன்று அமுக்கி, குளிர்ந்ததிலிருந்து இளஞ்சூடானது வரை எத்தனையோ சாம்பல். அதில் ஒன்றுகூட நமக்கு வேண்டாம்.

தூரத்து மலைக்கும் அதே உபதேசம். குற்றாலம் பக்கம் ரயிலில் வந்தவர்களுக்குத் தெரியும், மேற்குத் தொடர்ச்சி மலை கிட்ட வர வரப் பச்சையாகும், தள்ளிப் போகப் போகச் சாம்பல் நீலமாகி வானத்தோடு ஒட்டிக்கொள்ளும். இடையில் இருக்கும் காற்றும் ஈரமும் தூசியும் செறிவைக் குடித்துவிடுகின்றன. அதை அப்படியே வரைந்தால் மலை தூரமாகப் போய்விடும். நமக்கு எதற்கு வம்பு? குடிசைக்குப் பின்சுவராக மலை வரட்டும். ட்யூப் நீலத்தை நேராக அடியுங்கள்.

மாதிரிக்கு போட்டோ பார்த்து வரைகிறவர்கள் போனில் 'விவிட்' மோடு போட்டு எடுத்துக்கொள்ளவும். பிறகு சாச்சுரேஷன் கோட்டை வலது கோடி வரை தள்ளவும். வலது கோடியில் வெற்றிலைக் காவி பிடித்த பல்கூட ஆரஞ்சாக எரியும். அந்தப் போட்டோ ஒளி உமிழும் திரையில் இருக்கிறது, உங்கள் காகிதமோ தன் மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தர முடியும், எந்த ட்யூபும் அந்தத் திரையை எட்டிப் பிடிக்காது என்று சொல்கிறவர்கள் நடுவில் வருவார்கள். மூன்றாவது கோட் அடித்தால் எட்டும் என்று பதில் சொல்லுங்கள்.

காய்கிற விஷயமும் இருக்கிறது. வாட்டர் கலர் ஈரமாக இருக்கும்போது சொக்க வைக்கும், காய்ந்ததும் வெளிறி உட்கார்ந்துவிடும். ஈரம் போன பிறகு மேற்பரப்பின் சொரசொரப்பு வெள்ளை வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிப்பதுதான் காரணம். மழையில் நனைந்த செங்கல் சுவர் சிவந்து தெரிந்து, வெயிலில் சாயம் போனாற்போல ஆவதும் இதே கதை. அக்ரிலிக் இதற்கு நேரெதிர், காய்ந்தால் ஒரு படி இருளும். ஆயிலில் சில இடங்கள் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டு மங்கித் திட்டுத் திட்டாக நிற்கும், வார்னிஷ் போட்டால்தான் பழைய நிறம் எழும். விவரம் தெரிந்தவர்கள் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் பூசி, காயவைத்துப் பார்த்துவிட்டுத் தொடர்வார்கள். நீங்கள் காய்ந்த இடத்தைப் பார்த்துப் பதறி, மேலே இன்னொரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருங்கள். மூன்றாவது பூச்சில் அடியில் இருந்தது கரைந்து மேலே வரும். நாலாவதில் காகிதம் உரியும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு தட்டில் மிச்சம் கிடக்கும். எல்லா நிறமும் எல்லா நிறத்தோடும் கலந்து, பெயர் வைக்க முடியாத ஒரு சாம்பல் பழுப்பு. கெட்டிக்கார ஓவியர்கள் இதைச் சுரண்டிச் சின்ன டப்பாவில் மூடி வைத்துக்கொண்டு அடுத்த படத்தில் நிறங்களை அடக்கப் பயன்படுத்துவார்கள். அந்தப் படத்தின் நிறங்களே அதில் இருப்பதால் எங்கே கலந்தாலும் ஒட்டிப் போகும் என்பார்கள். அமெரிக்காவில் கேம்பிளின் என்ற பெயிண்ட் கம்பெனி, தன் பட்டறைக் காற்றில் பறக்கும் நிறமித் தூசியை வடிகட்டிகளில் பிடித்து, அதை எண்ணெயில் அரைத்து, 'டாரிட் கிரே' என்று ட்யூபில் அடைத்து, வருஷா வருஷம் புவி நாள் சமயத்தில் சும்மாவே கொடுக்கிறது. ஒவ்வொரு வருஷமும் தூசி மாறுவதால் ஒவ்வொரு வருஷமும் சாம்பலும் மாறும். அந்தச் சாம்பலோடு கருப்பும் வெள்ளையும் மட்டும் வைத்துக்கொண்டு படம் வரையும் போட்டிகூட நடத்தியிருக்கிறார்கள்.

உங்கள் தட்டில் இருப்பதைப் பழைய பேப்பரில் சுரண்டிப் போட்டு, நாலாக மடித்துக் குப்பையில் போடுங்கள். சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பெரியப்பா நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். படத்தை எடுத்து ஹாலில் எல்இடி பல்புக்கு நேர் கீழே மாட்டுங்கள், சுற்றிலும் வெள்ளைச் சுவர் இருந்தால் அதற்கும் ஒரு கோட் ஆரஞ்சு அடித்துவிடுவது நல்லது.